ஃபோர்க்கை எப்போது இறக்கலாம்? புல்பாம்பின் முட்டைக் காலமும் உங்கள் உரக்குவியலும்

இங்கிலாந்தில் தோட்டம் வைத்திருப்பவர்களில் பலர் புல்பாம்பின் முட்டையை முதன்முதலில் பார்ப்பது ஃபோர்க்கின் முனையில்தான். ஜூலைக் கடைசியில் கூர்ஜெட் பாத்திக்குக் கொஞ்சம் மட்கு எடுக்கலாமென்று குவியலைக் கிளறுவார்கள். உள்ளிருந்து வெள்ளையாக ஒரு கொத்து புரண்டு வரும். அதில் இரண்டு மூன்று அதற்குள் குத்துப்பட்டுக் கிழிந்திருக்கும். பாம்புக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். குவியலைத் தொட்ட மாதம்தான் தவறு. எந்த மாதத்தில் ஃபோர்க்கை இறக்கலாம், எந்த மாதத்தில் கொட்டகைச் சுவரில் மாட்டி வைக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். பிரிட்டனில் வாழும் புல்பாம்பு ஆலிவ் பச்சை அல்லது சாம்பல் பச்சை நிறம். தலைக்குப் பின்னால் மஞ்சளும் கறுப்புமாக ஒரு கழுத்துப்பட்டை. விலாவில் வரிசையாகக் கறுப்புக் கோடுகள். கண்மணி வட்டம். மேற்கு ஐரோப்பாவில் வாழும் இந்தக் கோடு போட்ட பாம்பு தனி இனம் என்று 2017இல் வெளிவந்த மரபணு ஆய்வு நிறுவியது. அதுவரை ஐரோப்பா முழுவதும் உள்ளவற்றின் பெரும்பகுதியை ஒரே இனமாகத்தான் எண்ணியிருந்தார்கள். வளர்ந்த பெண் ஒரு மீட்டரைத் தொடும், சில தாண்டும். ஆண் அதைவிடக் குட்டை. நஞ்சு கிடையாது. பிடித்தால் சீறும், தலையால் முட்டுவதுபோல் பாசாங்கு செய்யும், கடிப்பது மிக அரிது. அதுவும் பலிக்காவிட்டால் மல்லாந்து, வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கப் போட்டுச் செத்ததுபோல் கிடக்கும். கூடவே வாலடியிலிருந்து ஒரு திரவத்தைக் கக்கும். அந்த நாற்றம் சோப்புக்கும் எளிதில் போகாது.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை இரண்டு. முதுகு நெடுக வளைந்து வளைந்து ஓடும் கறுப்புப் பட்டையும், செங்குத்தான கண்மணியும், சிவந்த கண்ணும் இருந்தால் அது ஆடர், நஞ்சுள்ள விரியன். செப்பு நிறத்தில் பளபளத்துக்கொண்டு, கண்ணிமையை மூடித் திறந்தால் அது பாம்பே அல்ல. ஸ்லோ வோர்ம் என்னும் காலில்லாப் பல்லி. உரக்குவியலில் புல்பாம்பைவிட அதைத்தான் அடிக்கடி பார்ப்பீர்கள். நத்தைகளையும் ஓடில்லா நத்தைகளையும் தின்னும் அதை விரட்டும் தோட்டக்காரர் தன் கீரைக்குத் தானே எதிரி.

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வளர்ந்தவர்களுக்குப் புல்பாம்பின் குணம் புதிதாக இருக்காது. நம் குளத்திலும் வயல் வாய்க்காலிலும் நீந்தும் தண்ணீர்ப்பாம்பும் இதே துணைக்குடும்பம். இரண்டுக்கும் தவளையும் மீனும்தான் சாப்பாடு, இரண்டும் முட்டையிடும். ஆனால் தண்ணீர்ப்பாம்பு கடிக்கத் தயங்காது, அந்த அனுபவத்தை வைத்து இதை எடைபோட வேண்டாம்.

குளிர் நாட்டில் முட்டையிடும் பாம்பு

பிரிட்டனின் சொந்தப் பாம்புகள் மூன்று. ஆடரும் ஸ்மூத் ஸ்னேக்கும் குட்டி போடுகின்றன. புல்பாம்பு மட்டுமே முட்டையிடுகிறது. குட்டி போடும் பாம்புக்குக் குளிர் நாட்டில் ஒரு வசதி உண்டு. கரு தாயின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெயில் அடிக்கும் இடத்துக்குத் தாய் போனால் கருவும் போகிறது. மேகம் வந்தால் வேறிடம் தேடலாம். முட்டையிட்டுவிட்டுப் போகிற பாம்புக்கு அந்த வழி இல்லை. இட்ட இடத்தின் சூடுதான் முட்டைக்குக் கிடைக்கும் சூடு.

புல்பாம்பின் முட்டை நன்றாக வளர 21 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கிலாந்துக் கோடையில் ஒரு சாண் ஆழத்து மண் வாரக்கணக்கில் அந்தச் சூட்டில் நிற்காது. ஆகவே தானே சூடாகும் ஒன்றைப் பாம்பு தேடுகிறது: அழுகும் தாவரக் குப்பை. வெட்டிய புல்லையும் இலையையும் சாணத்தையும் நுண்ணுயிர்கள் தின்னும்போது வெப்பம் பிறக்கிறது. நன்கு கட்டிய குவியலின் நடுவில் அது 60 டிகிரியையும் எட்டும். அவ்வளவு சூட்டில் முட்டை வெந்துவிடும். பாம்பு நடுவுக்குப் போகாமல், சூடும் ஈரமும் பொருந்தும் ஓரத்து அடுக்கில் புகுந்து இடுகிறது. மனிதன் குவியல் கட்டுவதற்கு முன்னால் வெள்ளம் ஒதுக்கிய நாணல் குப்பையும் உளுத்துப்போன மரமும் இதற்கு உதவியிருக்கும். விவசாயம் வந்தபின் சாணக் குவியல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இதில் சாணத்துக்குத்தான் முதலிடம். ஸ்வீடனில் கட்டாந்தரை உறையும் வடக்கிலும் பிரிட்டன் பாம்பின் நெருங்கிய உறவான இன்னொரு புல்பாம்பு இனம் வாழ்கிறது. முட்டையிடும் பாம்புகளில் இவ்வளவு வடக்கே போனது வேறில்லை. எப்படி என்று ரிச்சர்ட் ஷைன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் பார்த்து 2010இல் எழுதினார்கள். தோட்டத்துக் கம்போஸ்ட் குவியலைவிடப் பண்ணைச் சாணக் குவியல் அதிகச் சூடு, அந்தச் சூடு ஏறி இறங்காமல் சீராகவும் இருக்கிறது. சூடு குறைந்தும் ஏறி இறங்கியும் இருந்தால் முட்டை தாமதமாகப் பொரிக்கிறது, பொரிப்பதும் குறைகிறது. சிறு பண்ணைகள் மூடிச் சாணக் குவியல்கள் மறைய, அந்நாட்டில் பாம்பும் அவற்றோடு சேர்ந்து குறைந்திருப்பதை அடுத்துவந்த இன்னோர் ஆய்வு காட்டியது. பாம்பைக் காப்பது என்றால் காட்டைக் காப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பாம்புக்கு மாட்டுத்தொழுவத்தின் பின்புறமும் வேண்டியிருக்கிறது.

ஸ்வீடனிலும் லித்துவேனியாவிலும் பழைய நாட்களில் இதை வீட்டுக்கு நல்லது செய்யும் பாம்பாகக் கருதிப் பால் வைத்தார்கள். நாம் புற்றுக்கு ஊற்றுவதுபோலத்தான். பாலைப் பாம்பு அங்கேயும் குடித்ததில்லை.

ஆண்டு நகரும் விதம்

குளிர்கால உறக்கம் அக்டோபரில் தொடங்கி மார்ச்வரை நீளும். வெயில் தலைகாட்டும் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் ஆண்கள் முதலில் வெளியே வருகின்றன. பெண்கள் வந்ததும் இணைசேரும் காலம் தொடங்கி மே வரை போகும். ஒரே பெண்ணைச் சுற்றி ஆண்கள் பல பின்னிக்கொண்டு கிடப்பதை அப்போது பார்க்கலாம். பார்ப்பவர்கள் பாம்புகள் சண்டையிடுகின்றன என்று பதறுவார்கள். எட்டி நின்று பார்த்துவிட்டு நகருங்கள்.

அதன்பின் தோட்டக்காரர் கவனிக்க வேண்டியது பெண்ணைத்தான். சினையான பெண் வயிறு பருத்து, குவியலின் வெயில் படும் பக்கத்தில் காலையில் நெடுநேரம் சுருண்டு கிடக்கும். முட்டையிடுமுன் ஒருமுறை தோலுரிக்கும். ஜூன் முதல் பாதியில் குவியலின் அருகில் நீண்ட சட்டை கிடந்தால் அதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இந்த அத்தியாயத்தின் மீதிப் பகுதி உங்களுக்காகத்தான். நல்ல இடம் தேடிப் பெண் ஒரு கிலோமீட்டரும் அதற்கு மேலும் போவதுண்டு. நல்ல குவியலுக்கு ஆண்டுதோறும் வரும். பல பெண்கள் ஒரே குவியலில் இடுவதும் சகஜம். அதனால்தான் ஒரு குவியலை அழிப்பது ஒரு குடும்பத்தை மட்டும் அழிப்பதாக நின்றுவிடுவதில்லை.

முட்டையிடுவது ஜூனிலும் ஜூலையிலும். ஒரு பெண் 10 முதல் 40 வரை இடும். பெரிய பெண்ணுக்கு முட்டை அதிகம். இட்ட முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாகிவிடும். இட்டதும் தாய் போய்விடும். அடைகாப்பதும் காவலிருப்பதும் கிடையாது.

பொரிக்க எத்தனை நாள்? புத்தகங்கள் 6 முதல் 10 வாரம் என்கின்றன. வழிகாட்டி நூல்களில் இந்த எண்ணைப் படித்துவிட்டுப் பலர் சராசரியாக எட்டு வாரம் என்று போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் போடக்கூடாது. இந்த இடைவெளி முழுக்கச் சூட்டால் வருவது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 25இல் இட்ட முட்டை, குதிரை லத்தி கலந்த சூடான குவியலில் ஏழு வாரத்தில் பொரித்தால் ஆகஸ்ட் நடுப்பகுதி. அதே முட்டை காய்ந்த இலை மட்டும் போட்ட மந்தமான குவியலில் பத்து வாரம் எடுத்தால் செப்டம்பர் தொடக்கம். வசந்தம் குளிராக இருந்து முட்டையிடுவதே ஜூலை 20க்குத் தள்ளிப்போனால் மந்தக் குவியலில் செப்டம்பர் கடைசி வாரம். ஒரே ஊரில், ஆண்டையும் குவியலையும் பொறுத்து, ஒன்றரை மாத வித்தியாசம். எனவே ‘ஆகஸ்டில் பொரித்துவிடும்’ என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னால் அவருடைய குவியலுக்கு அது சரியாக இருக்கலாம்.

தாமதம் குஞ்சுக்கும் நல்லதல்ல. அக்டோபரில் வெளிவரும் குஞ்சுக்கு உறங்க இடம் தேடவே நேரம் போதாது. வயிற்றில் மிஞ்சிய கரு மஞ்சள்தான் கையிருப்பு. முதல் இரை அடுத்த வசந்தத்தில்தான் என்றாகிவிடலாம்.

இரண்டு திறந்த வாசல்கள்

இப்போது ஃபோர்க்குக்கு வருவோம். ஜூன் தொடக்கம் முதல் செப்டம்பர் கடைசிவரை கிளறக்கூடாது என்பது முட்டைக் கணக்கு. சரி, நவம்பரிலும் ஜனவரியிலும் கிளறலாமே என்று தோன்றும். அப்போது வேறொரு சிக்கல். குளிரில் புல்பாம்பும் ஸ்லோ வோர்மும் தேரையும் முள்ளெலியும் அதே குவியலில் உறங்கக்கூடும். உறக்கத்திலிருந்து தோண்டி எடுத்த பிராணியால் ஓடவும் முடியாது, வேறிடம் தேடவும் முடியாது.

ஆக மிஞ்சுவது இரண்டே வாசல்கள். ஒன்று ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதிவரை: உறங்கியவை எழுந்து போயிருக்கும், முட்டை இன்னும் வந்திருக்காது. மற்றொன்று செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடுப்பகுதிவரை: குஞ்சுகள் கிளம்பியிருக்கும், உறக்கம் இன்னும் தொடங்கியிருக்காது. என் கணிப்பில் வசந்த வாசலே பாதுகாப்பானது. இலையுதிர்கால வாசல் குளிர்ந்த கோடைக்குப் பிறகு ஏமாற்றும். முட்டை இன்னும் பொரிக்காமலே இருக்கலாம். தோட்டத்துக்கும் வசந்தமே வசதி. மட்கு தேவைப்படுவது தக்காளியும் பீன்ஸும் நடும் மே மாதத்தில்தான்.

ஆனால் கோடை முழுவதும் குவியலைத் தொடாமல் தோட்டம் எப்படி நடக்கும்? சமையல் கழிவு தினமும் வரும், புல் வாரந்தோறும் வெட்டியாக வேண்டும். இதற்கு ஒரே உருப்படியான வழி குவியலை இரண்டாக, முடிந்தால் மூன்றாக வைத்துக்கொள்வது. மரப் பேலட்டுகளை நிறுத்திக் கட்டிய தொட்டிகள் போதும். மே மாதத்தில் நிரப்பி முடித்த தொட்டியை அப்படியே பாம்புக்கு விட்டுவிடுங்கள். ஜூன் முதல் வரும் குப்பை அடுத்த தொட்டிக்குப் போகட்டும். ஒரே குவியல்தான் வைக்க இடம் என்றால் மேலே மெல்லிய அடுக்காகப் போடலாம்; ஒரேயடியாக ஒரு வண்டி பச்சைப் புல்லைக் கொட்டினால் கீழே சூடு திடீரென ஏறும், முட்டை அடுக்கு தப்பாது.

முட்டை வெளிப்பட்டுவிட்டால்

முதலில் அது என்ன என்று பாருங்கள். புல்பாம்பின் முட்டை இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம். பளபளப்பில்லாத வெள்ளை. அழுத்தினால் அமுங்கும், கெட்டி ஓடு கிடையாது. ஈரத்தை உறிஞ்சி நாளாக ஆகக் கொஞ்சம் பருக்கும். மிளகளவில் கண்ணாடிபோல் தெரியும் உருண்டைகள் என்றால் அவை ஓடில்லா நத்தையுடையவை, வருத்தப்பட வேண்டாம்.

பாம்பு முட்டைதான் என்று தெரிந்தால் கையை அங்கேயே நிறுத்துங்கள். கொத்தைப் பிரிக்காதீர்கள். மிக முக்கியம், புரட்டாதீர்கள். கோழி தன் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். பாம்பு முட்டைக்கு அது ஆகாது. சில நாளில் கரு முட்டைச் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. புரட்டினால் உள்ளே செத்துவிடலாம். கிடந்த நிலையிலேயே, எடுத்த ஈரக் குப்பையாலேயே மூடி, மேலே இருந்த அளவுக்கு மறுபடி குவித்துவிடுங்கள். கொத்து ஏற்கெனவே ஃபோர்க்கோடு வெளியே வந்துவிட்டதா? மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி இரு கைகளாலும் ஏந்தி, அதே குவியலில் சூடாகவும் ஈரமாகவும் உள்ள ஓரத்தில், ஒன்றிரண்டு சாண் ஆழத்தில் வைத்து மூடுங்கள். கிழிந்தவற்றைக் கொத்திலிருந்து பிடுங்க முயல வேண்டாம். பிடுங்கும்போது நல்லதும் கிழியும். வீட்டுக்குள் கொண்டுபோய் ஏர்ஃப்ரையர் பக்கத்தில் வைத்துப் பொரிக்கவைக்கும் யோசனைகளை வேண்டாமென்றே சொல்வேன்.

சட்டமும் உண்டு. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டத்தின்கீழ் புல்பாம்பை வேண்டுமென்று கொல்வதும் காயப்படுத்துவதும் விற்பதும் குற்றம். தெரிந்தே குவியலைக் குத்திவிட்டுத் தெரியாது என்பது எடுபடாது.

பாம்புக்கென்று ஒரு குவியல்

அருகில் குளமோ ஓடையோ வாய்க்காலோ இருந்து, தவளைகள் இருந்தால் முயற்சி பலிக்கலாம். நார்ஃபோக் பிராட்ஸ் நீர்நிலைகள், நியூ ஃபாரஸ்ட், லண்டனுக்கு வடகிழக்கே லீ பள்ளத்தாக்கு போன்ற இடங்களை ஒட்டி அலாட்மெண்ட் என்னும் வாடகைத் தோட்டத் துண்டு வைத்திருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அயர்லாந்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். அங்கே காட்டுப் பாம்பே இல்லை.

இடம் வெயில் படுவதாகவும் ஆள் நடமாட்டம் குறைந்ததாகவும் இருக்கட்டும். அடியில் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடுங்கள். காற்றும் போகும், பாம்பும் நுழையும். அதன்மேல் புல், இலை, லத்தி என்று மாற்றி மாற்றி. பச்சைப் புல்லை மட்டும் தடித்த அடுக்காகப் போட்டால் அது காற்றின்றிக் கொழகொழத்து நாறும், சூடும் நிற்காது. ஒரு மீட்டர் உயரமும் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் அகலமும் குறைந்த அளவு. அதற்குக் கீழே போனால் இரவில் சூடு கழன்றுவிடும். எல்லாம் மே மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். ஜூலையில் கட்டத் தொடங்கும் உற்சாகிகளின் குவியல் அடுத்த ஆண்டுக்குத்தான் உதவும்.

குதிரை லாயத்திலிருந்து லத்தி வாங்குகிறீர்கள் என்றால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: வைக்கோலும் தீவனப் புல்லும் வந்த வயலில் அமினோபைராலிட் வகைக் களைக்கொல்லி அடித்தார்களா? அது குதிரையின் வயிற்றைக் கடந்தும், மட்கிய பிறகும் வீரியம் போகாமல் நின்று தக்காளியையும் பீன்ஸையும் முறுக்கிவிடும். பாம்புக்காகக் கட்டிய குவியலானாலும் கடைசியில் பாத்திக்குத்தான் போகப்போகிறது.

மேலே தார்ப்பாய் அல்லது அட்டை போட்டு மழையைத் தடுக்கலாம், ஓரங்களை மட்டும் தளர்வாக விடுங்கள். நீண்ட வறட்சியில் பூவாளியால் லேசாகத் தெளியுங்கள். முட்டைக்கு ஈரமும் உயிர். நாலாபுறமும் அடைத்த பிளாஸ்டிக் பீப்பாய்த் தொட்டிகளில் அடியில் இடுக்கு இருந்தாலொழியப் பாம்பு நுழைய வழியில்லை.

குஞ்சுகள்

பொரிக்கும் நாளில் மூக்கு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் குஞ்சு சவ்வைக் கீறும். தலையை நீட்டிவிட்டு அப்படியே நெடுநேரம் இருக்கும், ஆளரவம் கேட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே வரும்போது ஒரு பென்சிலின் நீளமும் தடிமனும்தான். கழுத்துப்பட்டை பளிச்சென்றிருக்கும். முதல் நாளிலிருந்தே தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த வாரங்களில் ஆபத்து பல பக்கத்திலிருந்தும் வரும். மேக்பை, ஃபெசன்ட், பூனை, வளர்ப்புக் கோழி எல்லாம் குஞ்சைத் தின்னும். அலாட்மெண்டில் கோழி திரியவிட்டிருந்தால் ஆகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து குவியல் பக்கம் விடாதீர்கள். ஆனால் தோட்டத்தில் நாமே வைக்கும் பொறி நெகிழி வலைதான். முட்டைக்கோசுக்கும் ஸ்ட்ராபெரிக்கும் குளத்துக்கும் மேலே போடும் மெல்லிய வலையின் தளர்ந்த ஓரத்தில் பாம்பு தலையை நுழைத்தால் செதில் சிக்கிப் பின்வாங்க முடியாது. வெயிலில் காய்ந்தே செத்துவிடும். வலையை இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வையுங்கள். சிக்கியதைக் கண்டால் வலையைக் கத்தரியால் வெட்டி எடுங்கள், பாம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். அது உங்கள்மேல் நாற்றத்தைக் கக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

குவியலில் இந்த ஆண்டு முட்டை பொரித்ததா என்பதை வாசல் திறந்திருக்கும் நாட்களில் கிளறும்போது கண்டுகொள்ளலாம். பொரித்த முட்டையின் தோல் சுருங்கி மஞ்சளித்து, ஒரு பக்கம் சுத்தமாகக் கீறியிருக்கும். ஒரு முட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட கீறலும் இருக்கலாம். பொரிக்காதது கீறலின்றி ஒடுங்கி, பூசணம் பூத்து, உள்ளே கெட்டியாக இருக்கும். கொத்தில் பாதிக்கு மேல் பொரிக்காதிருந்தால் குவியலில் சூடு போதவில்லை அல்லது காய்ந்துவிட்டது. அடுத்த மே மாதத்தில் லத்தியைக் கூட்டுங்கள். இலையுதிர்காலத்தில் கிளறும்போது ஒரு முட்டையாவது பருத்து வெண்மையாக இருந்தால் உடனே மூடிவிட்டு, கிளறுவதை வசந்தத்துக்குத் தள்ளிப்போடுங்கள். வெறுந்தோல்களைப் படமெடுத்து, தேதியும் இடமும் குறித்து, நீர்நில வாழ்வன மற்றும் ஊர்வன பாதுகாப்பு அறக்கட்டளைக்கோ உங்கள் வட்டார ஊர்வனக் குழுவுக்கோ அனுப்பலாம். பாம்பை நேரில் பார்க்காதவர்களும் தரக்கூடிய பதிவு அது. குவியலைக் காலி செய்யும்போது மூன்றில் ஒரு பங்கு பழைய மட்கை அடியில் விட்டுவிட்டு, அதன்மேல் புதிதாக அடுக்கத் தொடங்குங்கள்.